மூன்று வருடம் உப்புக்காற்றில் நின்ற எங்கள் கோயில் மைக் செட்

கடற்கரை ஊர்க் கோயில்களுக்கு மைக் செட் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். 2022 செப்டம்பரில் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் புது செட் ஒன்று வாங்கினோம். திருவிழாவுக்கும் பாட்டுக்கும் ஏற்கெனவே ஒன்று இருந்தது. இது புயல் அறிவிப்புக்கும் கடல் அறிவிப்புக்கும் என்றே, பேட்டரியும் சோலாரும் வைத்து வாங்கியது. அந்த மைக்கில் பேசுகிறவள் நான். கோயிலுக்கு எதிரில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிப்பவள் என்பதால் ஃபாதர் இந்த வேலையையும் என்னிடம் தந்தார். மூன்று வருடம் தாண்டிவிட்டது. நல்லது கெட்டது இரண்டையும் சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டேன்.

முதலில் கணக்கு. 120 வாட் அகுஜா ஆம்ப்ளிஃபையர் 17,500 ரூபாய். 30 வாட் ஹார்ன் (கூம்பு ஒலிபெருக்கி) நான்கு, சத்தம் எழுப்பும் யூனிட்டோடு சேர்த்து ஒன்று 3,400 வீதம் 13,600. 100 ஏஎச் டியூபுலர் பேட்டரி இரண்டு 22,000. சோலார் பலகை இரண்டும் சார்ஜ் கன்ட்ரோலரும் 14,000. கம்பி, இரும்புக் குழாய், கிளாம்ப், கூலி எல்லாம் 16,000. ஆக மொத்தம் 83,100 ரூபாய். இதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே மீன் குத்தகைப் பணத்திலிருந்து வந்தது. மீதியை அன்பியங்கள், அதாவது பங்கிலுள்ள பகுதிக் குழுக்கள், வீடு வீடாகப் பிரித்தன. படைப்பைப் பேணுவதற்கான செப நாள் என்று செப்டம்பர் 1ஆம் தேதியைத் திருச்சபை கடைப்பிடிக்கிறது. அந்த வாரத்துக் காணிக்கையும் இதற்கே போனது.

ஏன் வாங்கினோம் என்று சொல்லாமல் செட்டைப் பற்றிப் பேச முடியாது.

2017 நவம்பர் 30. ஒகிப் புயல். முந்தின நாள் தாழ்வு மண்டலம் என்று இருந்தது, மறுநாள் காலையில் குமரிக்கடலிலேயே புயலாகிவிட்டது. அதற்குள் எங்கள் ஊரிலிருந்து வள்ளங்கள் விடியற்காலை மூன்று மணிக்கே போய்விட்டன. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவை. அவர்களுக்கு எதுவும் தெரிய வழியே இல்லை. கரையில் மரம் விழுந்து, கம்பம் சாய்ந்து, மாவட்டமே இருட்டாகிவிட்டது. எங்கள் ஊருக்குப் பத்து நாளுக்கு மேல் கரண்ட் வரவில்லை. கோயிலில் இருந்த பழைய ஆம்ப்ளிஃபையர் கரண்ட் இருந்தால்தான் பேசும். கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் கயிற்றைப் பிடித்து மணியை அடித்தார். காற்றின் இரைச்சலில் அது விட்டுவிட்டுத்தான் கேட்டது. சாவு மணி என்று நினைத்து, முக்காட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு ஓடி வந்த பெண்கள், "யாருக்கு? யாருக்கு?" என்று கேட்டார்கள். உபதேசியாருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கயிற்றையும் விடாமல் நின்றார்.

என் அண்ணன் அன்று கடலில் இருந்தார். நான்காம் நாள் லட்சத்தீவில் இருக்கும் கல்பேனித் தீவிலிருந்து யாரோ ஒருவரின் போனில் கூப்பிட்டார். அந்த வள்ளத்தில் ஐந்து பேர் போனார்கள், மூன்று பேர் திரும்பினார்கள். அண்ணன் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மழைக்காலத்தில் இரவு தூங்குவதுமில்லை.

டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான பேர் தண்டவாளத்தில் உட்கார்ந்தோமே, அதில் நானும் இருந்தேன். சாமியார்மாரும் கன்னியரும் எங்களோடு உட்கார்ந்தார்கள். தேடப் போங்கள், தேடும் கப்பலில் எங்கள் ஆட்களையும் ஏற்றுங்கள், கடலில் எந்த இடத்தில் தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும் என்றுதான் கேட்டோம். கடலில் போனவர்களின் குடும்பங்களுக்கு அரசு பிறகு 20 லட்சம் வீதம் கொடுத்தது. கொடுத்ததை மறக்கவில்லை. ஆனால் அன்று கேட்டது வேறு. நேரத்தோடு சொல்லியிருக்கலாமே என்பதுதான் இன்றும் எல்லா வீட்டிலும் இருக்கிற பேச்சு.

சரி, செட்டுக்கு வருகிறேன்.

ஆம்ப்ளிஃபையரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. பின்பக்கம் 24 வோல்ட் பேட்டரி இணைப்பு இருக்கிறது. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக மாட்டினால் போதும், இன்வெர்ட்டர் வேண்டாம். கரண்ட் போனதும் அதுவே பேட்டரிக்கு மாறிவிடுகிறது. பேச்சு நடுவில் அறுபடுவதில்லை. அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு மூன்று நிமிடம் பேசினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், வெயிலே இல்லாவிட்டாலும் மூன்று நாள் தாராளமாக ஓடும். சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன். 2023 டிசம்பர் மழையில் பலகை இரண்டும் வெயிலைக் காணவேயில்லை. அப்போதும் மூன்றாம் நாள் மாலை பேசினேன்.

ஹார்ன் விஷயத்தில் நாங்கள் ஒரு தப்பு செய்தோம். நான்கையும் கோயில் கோபுரத்தில் நான்கு திசைக்கு வைத்தோம். திறப்பு விழா அன்று காற்றில்லை, ஊர் முழுக்கக் கணீரென்று கேட்டது. ஆனி பிறந்து கச்சான் என்கிற மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் சத்தம் எல்லாம் நிலத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. தோப்புக்கு அப்பால் இருப்பவர்கள் "நல்லா கேக்குது" என்றார்கள். கடலோரத்து முதல் வரிசை வீடுகளில் ஒன்றும் கேட்கவில்லை. யாருக்காக வாங்கினோமோ அவர்களுக்கு மட்டும் கேட்கவில்லை. பிறகு இரண்டு ஹார்னை இறக்கி, கரையில் இருக்கும் குருசடி (சிலுவை வைத்த சின்னக் கோயில்) மேல் மாட்டினோம். கோயிலிலிருந்து 280 மீட்டர் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. கம்பி நீண்டால் சத்தம் குறையும் என்பதால் 100 வோல்ட் லைன் போட்டு, ஒவ்வொரு ஹார்னிலும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்தார்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் முதலிலேயே இதைக் கேட்டு வாங்குங்கள். ஹார்ன் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது, கரையோடு ஒட்டி இரண்டு பக்கமும் பார்த்து நிற்க வேண்டும். கரையில் வலை பின்னுகிறவர்கள், வள்ளம் இறக்குகிறவர்கள் எல்லாருக்கும் அப்போதுதான் கேட்கும்.

இன்னொன்றும் பழகித்தான் தெரிந்தது. ஹார்னில் அடித்தொண்டைச் சத்தம் எடுபடாது. ஃபாதருக்குக் கனத்த குரல், பூசையில் கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும். அதே குரல் ஹார்னில் வந்தால் இரைச்சலாகிவிடும். என் குரல் கொஞ்சம் கீச்சு. பள்ளிக்கூடத்தில் பாட்டுக்குச் சேர்க்காத குரல். "ஒனக்க சத்தம்தான் தெளிவா கேக்குது மைனி" என்று கொழுந்தன் வந்து சொன்னபோது எனக்கு நம்பிக்கை வந்தது. ஒரு வரி சொல்லி, மூன்று எண்ணும் நேரம் நிறுத்தி, அடுத்த வரி சொல்ல வேண்டும். இரண்டு இடத்து ஹார்ன் என்பதால் சத்தம் ஒன்றன்மேல் ஒன்று விழும். வேகமாகப் பேசினால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

உப்பு. எங்கள் ஊரில் எந்தப் பொருளையும் முதலில் தின்பது அதுதான். எட்டு மாதத்தில் கிளாம்பும் போல்ட்டும் துரு பிடித்து இற்றுப் போயின. ஸ்டெயின்லெஸ் போல்ட் போடச் சொல்லித்தான் பணம் கொடுத்தோம். கடைக்காரர் சாதா இரும்பு போல்ட்டுக்குப் பெயின்ட் அடித்துப் போட்டிருந்தார். குருசடி மேலிருந்த ஹார்ன் ஒன்று ஒரு பக்கம் கழன்று தொங்கியது. கீழே பிள்ளைகள் விளையாடும் இடம். போன் செய்தால் எடுக்கவில்லை, நேரில் போனால் "அடுத்த வாரம்" என்றார்கள். மூன்று வாரம் கழித்து நாங்களே படகு வேலை செய்கிற ஒரு தம்பியை வைத்து மாற்றினோம். கடையின் பெயரைச் சொல்லிச் சண்டை பிடிப்பதற்காக இதை எழுதவில்லை. மாட்டி முடிக்கும் அன்றே ஏணியில் ஏறி ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். இறுக்கமாக ஒட்டினால் அது சாதா இரும்பு. கையோடு கழற்றச் சொல்லுங்கள்.

குருசடி ஹார்ன்களின் யூனிட் இரண்டும் இரண்டாம் வருடம் போய்விட்டன. உள்ளே இருக்கும் காயில் உப்புப் பூத்துப் பச்சையாகிவிட்டது. அது கம்பெனிக் குறை என்று நான் சொல்ல மாட்டேன், கடலுக்கு முப்பது மீட்டரில் வைத்தால் அப்படித்தான். இப்போது மாதத்துக்கு ஒரு தடவை ஹார்னை நல்ல தண்ணீரில் கழுவி, யூனிட் மூடியைச் சுற்றிக் கிரீஸ் தடவுகிறோம். அதற்குப் பிறகு ஒன்றும் போகவில்லை.

கூம்பு ஒலிபெருக்கி என்பதால் காவல் நிலையத்திலிருந்து கழற்றச் சொல்லி வந்தார்கள். சட்டம் அப்படித்தான், அவர்கள் மேல் வருத்தமில்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆனால் அதே விதியில் பொது அவசர நேரத்துக்கு விலக்கு இருக்கிறது. ஃபாதர் அதை அச்செடுத்துக் காட்டி, எழுதியும் கொடுத்தார். பாட்டு, செபமாலை, பூசை எதுவும் ஹார்னில் வராது, அறிவிப்பு மட்டும்தான் வரும் என்று. கோயிலுக்குள் பெட்டி ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டோம். பங்குப்பேரவையில் சிலருக்கு இது பெரிய மனவருத்தம். திருவிழாப் பாட்டு ஊர் முழுக்கக் கேட்காதா என்று. இன்று யோசித்தால், அந்த ஏற்பாடுதான் செட்டுக்கு மதிப்பைக் கொடுத்தது. ஹார்ன் கரகரத்தாலே ஊர் எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. வேறு எதற்கும் அது பேசுவதில்லை என்று குழந்தைகளுக்கும் தெரியும்.

என்ன பேசுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். வானிலை மையத்து அறிக்கையில் இப்படி வரும்: குமரிக்கடல், மன்னார் வளைகுடா பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும். இதை அப்படியே வாசித்தால் கடலுக்குப் போகிறவர் தலையை ஆட்டிவிட்டு வள்ளத்தை இறக்குவார். கிலோமீட்டர் ரோட்டில் போகிறவனுக்குத்தான். அதனால் அறிக்கையை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். "வாடையா கச்சானா, எந்த மணிக்கு ஏறும், நீவாடு (கடல் நீரோட்டம்) எப்படி இருக்கும்" என்று அவர் தாளில் பென்சிலால் எழுதித் தருவார். பிறகு நான் சொல்வேன்: "வாடைக்காத்து பலமா வரும். நாளை மறுநாள் காலைவரைக்கும் யாரும் வள்ளம் இறக்க வேண்டாம். வள்ளத்தை மேட்டுக்கு ஏத்துங்க. இஞ்சினைக் கழத்தி வீட்டுல வைங்க. கடல்மேல உள்ளவங்களுக்கு வயர்லெஸ்ல சொல்லுங்க." இவ்வளவுதான். மூன்று தடவை.

2024 மே முதல் வாரத்தில் செட் உண்மையாகவே பயன்பட்டது. கள்ளக்கடல் வரும் என்று ஐதராபாத்திலிருக்கும் கடல் தகவல் மையம் எச்சரித்தது. கள்ளக்கடலுக்குக் காற்று வேண்டாம், மழை வேண்டாம். தெற்கே எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கடல் கொந்தளித்து எழுந்த அலை, நாலைந்து நாள் ஓடி வந்து நம் கரையில் ஏறும். திருடன் மாதிரி சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. "என்ன மக்கா, கடல் எண்ணெய் மாதிரி கிடக்கு, ஒனக்குப் பயமா?" என்று ஒரு பாட்டா கடைக்கு வந்து கேட்டார். இருந்தாலும் மணிக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே இருந்தேன். ராத்திரி தண்ணீர் முதல் வரிசை வீட்டுத் திண்ணையைத் தொட்டது. இரண்டு வீட்டு அடுப்படியில் மணல் முழங்கால் அளவு. வள்ளங்கள் எல்லாம் மேட்டில் இருந்தன. குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் தூங்கினார்கள். மறுநாள் காலை அந்தப் பாட்டா ஒன்றும் சொல்லாமல் ஒரு கூறு சாளை கொண்டுவந்து கடை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

அதே வாரம் மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டது. எங்கிருந்தோ ஒரு கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள். அன்று மாலை ஹார்னில் ஒன்றும் பேச வாய் வரவில்லை. கோயிலில் செபமாலை மட்டும் சொன்னோம்.

இப்போது குறைக்கு வருகிறேன். இது செட்டின் குறை கிடையாது. எங்கள் ஹார்ன் கரையில் இருப்பவனுக்குத்தான் கேட்கும். கடலுக்குள் ஒரு மைல் போனவனுக்குக் கேட்காது. செல்போன் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் தாண்டினால் செத்துவிடும். வயர்லெஸ் கிட்டத்தில் இருக்கிற படகுக்கு எட்டும், அவ்வளவே. ஒகியில் போனவர்களில் பலர் அதற்கும் அப்பால் இருந்தவர்கள். 83,100 ரூபாய்க்கு எட்டாத தூரம் அது. அங்கே எட்டக்கூடியது அரசாங்கத்தின் கை மட்டும்தான்.

செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு, ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாகப் பேசும் கருவியை இலவசமாகத் தருகிற 364 கோடி ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கி வைத்தது. கரையிலிருந்து எச்சரிக்கை போகும், படகிலிருந்து ஆபத்துச் செய்தி திரும்பி வரும். நேரத்தோடு சொல்லியிருக்கலாமே என்று நாங்கள் 2017இல் ஏங்கியது இதற்குத்தான். வந்ததற்கு நன்றி. ஆனால் நடுவில் ஏழு வருடம் போயிருக்கிறது. சின்ன வள்ளங்களுக்கும் அது வந்து சேர வேண்டும், கெட்டுப்போனால் சரிசெய்ய ஆள் வேண்டும், கரையில் ராத்திரி பகலாகச் செய்தியைப் பார்க்க ஆள் வேண்டும். கருவியைக் கையில் கொடுத்ததோடு வேலை முடியாது என்பது ஒரு சாதா ஹார்னை மூன்று வருடம் பராமரித்துப் பார்த்தவளுக்குத் தெரியும்.

கரைக்கும் அப்படித்தான். ஒடிசாவில் 2018இலேயே கடலோரம் நெடுக 122 இடங்களில் அரசே சைரன் கோபுரம் வைத்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாக் கோபுரமும் ஒன்றாக ஊதும். பக்கத்துக் கேரளத்தில் 2025இல் 'கவசம்' என்று ஒரு சைரன் எச்சரிக்கை ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். எங்கள் ஊரில் சைரன் என்றால் அது நான்தான். எனக்குக் காய்ச்சல் வந்தால் ஊருக்கு எச்சரிக்கை இல்லை. ஒரு தடவை அப்படி ஆனது. உபதேசியார் மகளுக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்ததால் தப்பித்தோம்.

செட் வாங்கும் முன் அன்பியக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஒரு மாமா எழுந்து கேட்டார்: "கடலைச் சூடாக்குனது நாமளா? நாம ஓட்டுறது ஒன்பது குதிரைச் சக்தி இஞ்சின். ஃபேக்டரி வச்சவன், நிலக்கரி எரிச்சவன் எல்லாம் சும்மா இருக்கான். மீன் வித்த காசுல நாம ஏன் மைக் வாங்கணும்? அரசாங்கம் வாங்கட்டும்." கூட்டத்தில் பாதிப்பேர் ஆமாம் என்றார்கள். அவர் சொன்னது சரி என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது ஒகியில் கணவரைக் கொடுத்த ஒரு மைனி உட்கார்ந்தபடியே சொன்னார்: "அரசாங்கம் வாங்குறவரைக்கும் யாரு கூப்பிடுவா?" அதற்கு மேல் யாரும் பேசவில்லை. கணக்கர் நோட்டை எடுத்துப் பெயரெழுதத் தொடங்கினார்.

அந்த மாமாவின் கேள்வியை நான் விட்டுவிடவில்லை. புனேயிலிருக்கும் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகள் 2021இல் ஒரு கணக்கு சொன்னார்கள். 2001 முதல் 2019 வரையான காலத்தில் அரபிக்கடலில் புயல்களின் எண்ணிக்கை அதற்கு முந்தைய பத்தொன்பது வருடங்களைவிட 52 சதவீதம் கூடியிருக்கிறது, கடல் சூடேறியதுதான் காரணம் என்று. எங்கள் பாட்டாமார் வங்காள விரிகுடாவைத்தான் புயல் கடல் என்பார்கள். இந்தப் பக்கக் கடலில் ஆனி ஆடியில் கோபம் இருக்கும், மற்றபடி அது அம்மா என்பார்கள். அந்தச் சொல் பொய்யாகிக்கொண்டு வருகிறது. கரை அரிப்புக்கு எல்லாவற்றையும் காலநிலை மேல் போடவும் கூடாது. ஓர் ஊருக்குத் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டால் அடுத்த ஊர்க் கரையைக் கடல் தின்கிறது. அது மனிதன் திட்டம் போட்டுச் செய்த தப்பு. ஆனால் இரண்டுக்கும் பொறுப்புச் சொல்ல வேண்டிய இடம் ஒன்றுதான்.

2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' மடலை எங்கள் பங்கில் அன்பியம் அன்பியமாக வாசித்தோம். மரம் நடு, பிளாஸ்டிக்கை விடு என்று மட்டும் சொல்லும் மடல் என்றுதான் முதலில் நினைத்தேன். வாசித்தபோது அப்படி இல்லை. பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறார். நாடுகள் தங்கள் சொந்த நலனைப் பொதுநலனுக்கு மேலே வைப்பதால்தான் காலநிலைப் பேச்சுவார்த்தைகள் நகரவில்லை என்று அரசாங்கங்களையே நேராகச் சொல்கிறார். 2023 அக்டோபர் 4 அன்று, துபாய் காலநிலை மாநாட்டுக்கு முன்னால், மறுபடியும் எழுதினார். எட்டு வருடத்தில் போதுமான அளவு எதுவும் நடக்கவில்லை என்ற வேதனை அதில் இருந்தது. ஆரல்வாய்மொழிப் பக்கம் பேருந்தில் போகும்போதெல்லாம் முப்பந்தல் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுவதைப் பார்ப்பேன், மனசுக்கு நன்றாக இருக்கும். அதே கடற்கரையில் கொஞ்சம் கிழக்கே போனால் உடன்குடியில் 1,320 மெகாவாட் அனல்மின் நிலையம். 2070இல் கரியமிலக் கணக்கைச் சுழியமாக்குவோம் என்று இந்தியா 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் சொன்னது. எங்கள் ஊரின் முதல் வரிசை வீடுகளுக்கு 2070 ரொம்பத் தூரம். பணக்கார நாடுகள் இன்னும் முன்னாலேயே செய்ய வேண்டும், அதுவும் உண்மை. அந்த வாதம் முடியும்வரை கடல் காத்திருக்காது என்பதுதான் எங்கள் கவலை.

ஆகவே மைக் செட்டோடு மனுவும் எழுதினோம். கரையில் சைரன் கோபுரம், கோயிலையோ பள்ளிவாசலையோ நம்பியிராத அரசு அறிவிப்பு, ஊருக்கு ஒரு சம்பள ஆள், எல்லா வள்ளத்துக்கும் செயற்கைக்கோள் கருவி என நான்கு கோரிக்கை. 412 கையெழுத்து. நானும் இரண்டு பெண்களும் பேருந்து ஏறிப் போய்க் கொடுத்தோம். வாங்கிய அலுவலகத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். நாற்காலி போட்டார்கள். "கோயில்ல மைக் இருக்கே, நல்லா செய்றீங்களே அக்கா" என்றார் ஒருவர். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அடிவயிறு கலங்கியது. நாங்கள் வாங்கிய செட்டே அவர்கள் வாங்காமலிருக்கக் காரணமாகிவிடுமோ என்ற பயம் அன்று வந்தது, இன்னும் போகவில்லை. பதிலில் நிதி வந்ததும் பரிசீலிக்கப்படும் என்று எழுதி வந்தது. அந்தத் தாளைக் கோயில் அலமாரியில் மைக் செட் ரசீதோடு சேர்த்தே வைத்திருக்கிறோம். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதே மனுவைத் தேதி மட்டும் மாற்றிக் கொடுக்கிறோம்.

செட்டை வாங்கலாமா என்றால், வாங்குங்கள். ஆம்ப்ளிஃபையருக்கும் பேட்டரிக்கும் முழு மதிப்பெண். ஹார்ன் நல்லது, கழுவினால் நிற்கும். மாட்டுகிற ஆளை மட்டும் உங்கள் கண் முன்னாலேயே வேலை வாங்குங்கள். கோபுர உச்சிக்கு இடிதாங்கியும் தனி எர்த்தும் கட்டாயம், எங்களுக்கு அதற்கென்று தனியாக 6,000 ஆனது. மைக்கில் பேச குறைந்தது மூன்று பேரைப் பழக்குங்கள், அதில் இரண்டு பேர் பெண்களாக இருக்கட்டும், அவர்கள் கரையில் இருப்பார்கள். கடலுக்குப் போய்ப் பழகின ஒருவரை அறிக்கை எழுத வையுங்கள். வாங்கின அன்றே மனுவையும் எழுதி, செட் வாங்கியதால் எங்கள் தேவை தீரவில்லை என்று முதல் வரியிலேயே போடுங்கள். நாங்கள் அதைப் போடாமல் விட்டுவிட்டோம்.

பேட்டரிக்கு இப்போது வயசாகிவிட்டது, இரண்டு நாளைக்கு மேல் தாங்குவதில்லை. வரும் ஆனிக்குள் மாற்ற வேண்டும். மறுபடி வீடு வீடாகப் போக வேண்டும், நோட்டைக் கணக்கர் எடுத்து வைத்துவிட்டார். முதல் பெயர் அந்த மாமாவுடையது, 500 ரூபாய். பக்கத்திலேயே "கடன், அரசாங்கம் தர வேண்டியது" என்று அவர் கைப்பட எழுதியிருக்கிறார். கணக்கர் அதை அடிக்கவில்லை.